பல்லி மிட்டாய் என்ன நிறம்

நாம் சிறு வயதில் தின்றதை நம் பிள்ளைகளும் தின்றுபார்க்க வேண்டும் என்று நமக்கு ஏன் இத்தனை ஆசை? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கடையில் தின்பண்டங்களுக்குக் குறைவில்லை. அவளாக எதையும் கேட்கவும் இல்லை. நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை மற்ற சனிக்கிழமைகளைப் போலவே போயிருக்கும்.

மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. 'ஆகாது' என்று எழுதும்போதே எனக்குத் திருப்தியில்லை. நாம் அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். சளிக்குத் தயிர் ஆகாது, அரிப்புக்குக் கத்தரிக்காய் ஆகாது. என் மகளுக்கு ஆகாது என்றால் உடம்பு முழுக்கத் தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் என் மாமியார் வீட்டில், கடலை பிடுங்கிய சமயத்தில்தான் இது முதன்முதலில் தெரியவந்தது. வேகவைத்த கடலையில் ஒன்றை யாரோ ஆசையாகக் குழந்தை வாயில் வைத்தார்கள். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பரிசோதனைகள் முடிந்து டாக்டர் சொன்னது, தூள்கூடப் படக்கூடாது என்பதுதான். ஊசிமருந்து எழுதிக் கொடுத்து, அதைத் தொடையில் எப்படிப் போடுவது என்று எனக்கும் கணவருக்கும் தலையணையில் குத்திக் காட்டினார்கள். அதுமுதல் ஒரு சிவப்புப் பை, மகள் எங்கே இருக்கிறாளோ அங்கே இருக்கும்.

மாமியார் மட்டும் நம்பவில்லை. "கல்லக்கா வெளையற வூட்ல பொறந்துட்டு கல்லக்கா ஆவாதாம். நல்லா படிச்சீங்க போ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது வருடமாகக் கடலைக்காட்டில் களையெடுத்தவரிடம் கடலை விஷம் என்று போய்ச் சொன்னால் வேறு என்ன சொல்வார் என்றும் தோன்றும். ஆனாலும் பயம். அந்த வீட்டுக்குப் போனால் மகளை நான் கீழே இறக்கிவிட மாட்டேன்.

இப்படி இருக்கும்போது, பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி என் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி அனுப்பினான். பழைய மிட்டாய்களையெல்லாம் சேர்த்து அழகாக அடுக்கி இப்போது விற்கிறார்களே, அந்தப் பெட்டி. தேன் மிட்டாய், கமர்கட், சூட மிட்டாய், எலந்தவடை எல்லாம் மேலே படமாகப் போட்டிருந்தது. நான் முதலில் பார்த்தது பெட்டியின் பின்பக்கத்தை. வேர்க்கடலையும் கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்தது. உள்ளே கடலை மிட்டாயும் ஓர் அறையில் இருக்கிறது என்றால் அதன் தூள் மற்ற எல்லாவற்றின் மேலும்தான் இருக்கும். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கணவர் ஷிஃப்டுக்குப் போகும்போது கம்பெனிக்கு எடுத்துப் போகச் சொன்னேன். என் சிறு வயதைக் கதவுக்கு வெளியே வைத்துப் பூட்டியதுபோல் இருந்தது.

அதற்குள் மகள் படத்தைப் பார்த்துவிட்டாள். இதில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். எனக்குப் பிடித்தது இதில் இல்லை என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளுக்குத் தின்னக் கொடுக்க முடியாததைக் கதையாகவாவது கொடுப்போம் என்று நினைத்தேனோ என்னவோ, பல்லி மிட்டாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஓட்டலில் பில்லோடு ஒரு தட்டில் வைக்கும் கலர் சோம்பு இல்லை அது. பல்லி முட்டையைப்போலக் குட்டிக் குட்டி உருண்டை. உள்ளே ஒரு சீரகமோ சோம்போ இருக்கும், மேலே கெட்டியாகச் சர்க்கரைப் பூச்சு. ரோஸ், வெள்ளை, மஞ்சள், பச்சை. கிருஷ்ணகிரியில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடையில், செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் அள்ளிப் போடுவார்கள். ரோஸ் நிற உருண்டைகளை மட்டும் பொறுக்கி, எச்சில்படுத்தி, உதட்டில் தேய்த்துச் சாயம் பூசிக்கொள்வோம். டாக்டர் விளையாட்டில் அதுதான் மாத்திரை. மார்கழிக் காலையில் சிவப்பு முனை வைத்த சிகரெட் மிட்டாயை உதட்டில் வைத்து, பனியில் வாயிலிருந்து வரும் ஆவியைப் புகையென்று விடுவோம். கமர்கட் ஒன்றுதான் இருந்தால் பாவாடைத் துணிக்குள் வைத்துக் காக்காக் கடி கடித்து ஆளுக்குப் பாதி. மற்றவர்கள் எழுதினால் காக்காக் கடி இனிமையான நினைவாக இருக்கும். எனக்கு இப்போது அப்படி இல்லை. யார் எதைக் கடித்த பல்லோ, யார் எதைத் தொட்ட துணியோ.

இன்று அந்தக் கடை செல்போன் பழுதுபார்க்கும் கடையாகிவிட்டது. பல்லி மிட்டாயை நான் எங்கும் பார்க்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி உள்ள மளிகைக் கடைகளில் கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் பூச்சி மருந்து அடுத்த கடையில் என்றார்.

"பல்லியையா தின்னீங்க?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பல்லி இல்லை, சர்க்கரைதான் என்றேன். "கடலை இருக்குமா?" என்று கேட்டாள். அவள் எப்போதும் கேட்கும் கேள்வி அது. இருக்காது, உனக்கு ஆகும் என்றேன். உனக்கு ஆகும் என்று நான் அவளிடம் சொல்கிற பண்டங்கள் குறைவு. அதனால்தான் அந்தப் பெயரை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லி மிட்டாய் கேட்டாள்.

எதிர் வீட்டு அக்காவிடமும் கேட்டாள்.

எதிர் வீட்டு அக்கா ஹைதராபாத் பக்கத்துக்காரர். கணவருக்கு இங்கே தொழிற்பேட்டையில் வேலை மாற்றலாகி வந்தவர்கள். மகன் அங்கேயே தங்கிப் படிக்கிறான். எனக்கு வேப்பனப்பள்ளித் தெலுங்கு கொஞ்சம் வரும். அவருக்கு மளிகைக் கடைத் தமிழ் கொஞ்சம் வரும். இரண்டையும் கலந்துதான் பேசிக்கொள்வோம். என்னைச் செல்லி என்று கூப்பிடுவார், தங்கை என்று பொருள். என் மகள் அவரைப் பெத்தம்மா என்று கூப்பிடுவாள். குடியேறிய புதிதிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்: "பாப்பாவுக்குக் கடலை ஆகாதுக்கா. ஒரு துளிகூட கூடாது. உயிருக்கே ஆபத்து." அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, தன் வீட்டில் பாப்பாவுக்கு அது வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அவர் சொன்னபடி நடந்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பஜ்ஜி போட்டால் என் மகளுக்கு மட்டும் அரிசிமாவில் தனியாக ஏதாவது பொரிப்பார். லட்டு செய்த தட்டைக் கொண்டுவந்தால் அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார். கடலைமாவு பரவாயில்லை அக்கா என்று சொல்ல வாய் வந்ததுண்டு. இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறாரே, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அந்த அரிசிமாவு எனக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். நான் அதை அன்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, பாப்பா பல்லி மிட்டாய் கேட்கிறாளே, கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் கொடுங்கள், அது ஒன்றும் செய்யாது, கிடைத்தால் எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றேன். அது நல்லதுதானே, உடம்புக்குப் பலம் என்றார் அவர். சர்க்கரை உருண்டையில் என்ன பலம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. சிரித்துக்கொண்டே மேலே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பாகலூர் சாலையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு நேர்காணல். மகள் பிறந்தபின் நான் தேடிய முதல் வேலை. கணவருக்கு அன்று முதல் ஷிஃப்ட். மகளையும் சிவப்புப் பையையும் எதிர் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

நேர்காணல் முடிந்து படியிறங்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. பாப்பாவுக்கு வாயைச் சுற்றிச் சிவப்பாக வருகிறது, சொறிந்துகொண்டே இருக்கிறாள் என்றார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். சோறு, தயிர், அப்புறம் பல்லி மிட்டாய், நேற்று மகன் ஊரிலிருந்து கொண்டுவந்தான் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. வெறும் சர்க்கரைதான், சாயம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, வாயைக் கழுவித் தண்ணீர் கொடுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. ஹைதராபாத்தில் இன்னும் பல்லி மிட்டாய் கிடைக்கிறதே என்று.

ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றேன். ஒரு லாரி கடந்து போயிற்று. ஏனென்று தெரியவில்லை, வண்டி வருவதற்குள் திரும்பவும் போன் போட்டேன்.

"அக்கா, அந்த மிட்டாய் என்ன கலர்?"

"கலரா?" அவருக்குக் கேள்வி புரியவில்லை. "வெல்லம் கலர், செல்லி."

"உருண்டையா இருக்குதா?"

"இல்ல, பட்டி. கட் பண்ணி இருக்கும் இல்ல, துண்டு துண்டா, அது."

அவர் குரலுக்குப் பின்னால் மகள் இருமுவது கேட்டது. சளி இருமல் இல்லை. உள்ளிருந்து எதையோ வெளியே தள்ளப் பார்க்கிற இருமல். எனக்கு அது தெரியும்.

"பையை எடுங்க. பாப்பாவைத் தூக்குங்க. தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க அக்கா. கடலைன்னு சொல்லுங்க. ஓடுங்க."

அதற்குப்பின் போனை வைத்தேனா, அது தானாகவே அறுந்ததா தெரியவில்லை. ஆட்டோக்காரர் கன்னடத்தில் எங்கே என்று கேட்டார். எனக்கு எந்த மொழியும் வரவில்லை. கையை நீட்டினேன். மேம்பாலத்துக்குக் கீழே பெங்களூர் போகும் வண்டிகள் நின்றபடி நின்றன. ஊசி அவர் கையில் இருக்கிறது, போடத் தெரிந்தவள் நான் இங்கே இருக்கிறேன். இந்த ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைக் கழுவித் தண்ணீர் கொடுங்கள் என்று நான் சொன்ன குரல், யாரோ வேறொருத்தியின் குரல்போல எனக்கே கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஊசி போட்டுவிட்டிருந்தார்கள். முகமூடியில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. கண்ணிமைகள் வீங்கி மூடியிருந்தன. என் குரல் கேட்டுக் கையை மட்டும் தூக்கினாள். அந்தக் கை சூடாக இருந்தது. அதற்கு மேல் அப்போது எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இல்லை. சிவப்புப் பை அவர் கழுத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் கத்தினேனா என்று இப்போதும் நினைவில்லை. கத்தவில்லை என்கிறார் கணவர், ஆனால் அவர் அப்போது அங்கே இல்லை.

"கடலை குடுக்கல செல்லி," என்றார் அக்கா. "நீங்க சொன்ன நாள்ல இருந்து குடுக்கல. பஜ்ஜி குடுக்கல, லட்டு குடுக்கல, கடலைமாவு தொட்ட கையில பாப்பாவைத் தூக்கல."

"அப்ப அந்த மிட்டாய்ல என்ன இருந்தது?"

"பல்லி," என்றார். "பல்லிதான். நீங்கதான் குடுன்னு சொன்னீங்க."

பிறகு அவர் போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். தோலுரித்த வேர்க்கடலை. அவர்கள் பக்கத்துத் தெலுங்கில் அதற்குப் பெயர் பல்லி. எங்கள் வேப்பனப்பள்ளித் தெலுங்கில் அதைச் செனக்காய் என்பார்கள். பல்லி என்று நான் கேட்டதே இல்லை. சுவரில் ஊர்கிற பல்லி அவர்களுக்கு வேறு சொல். அதே மாதிரி, மளிகைக் கடையில் கடலை என்று கேட்டால் அவர் கைக்கு வந்தது கடலைப்பருப்பும் கடலைமாவும்தான். பாப்பாவைக் கொல்வது அதுதான் என்று எடுத்துக்கொண்டு, அத்தனை மாதமும் தன் சமையலையே மாற்றிக்கொண்டிருக்கிறார். கடலைக்கு முன்னால் 'வேர்' என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அவர்கள் மொழியிலும் அதற்கு வேருசெனக என்று வேர் சேர்ந்த இன்னொரு பெயர் உண்டு. ஆனால் நம்மில் யார் பேச்சில் வேர்க்கடலை என்று முழுதாகச் சொல்கிறோம்?

மகள் பிழைத்துக்கொண்டாள். கண்காணிப்பில் வைத்திருந்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். மன்னிக்க வேண்டும். எனக்கே இன்னும் சில காலைகளில் எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துத்தான் அது தெரிகிறது.

ஆனால் அவள் பழைய குழந்தையாக இல்லை. தண்ணீர் குடிப்பதற்கும் என்னைக் கேட்கிறாள். "இது குடிச்சா வாய் வீங்குமாம்மா?" தினமும் தின்கிற இட்லியைப் புரட்டிப் பார்க்கிறாள். மலைக்கோயிலில் அர்ச்சகர் தீர்த்தம் கொடுக்கக் கையை நீட்டியபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜாக்கிரதையாக இருக்கிறாளே என்று நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. நான் ஆகும் என்று சொன்ன ஒன்றைத் தின்றுதான் அவளுக்கு அப்படி ஆயிற்று. அவள் கணக்கில் என் சொல்லும் இனி முழுசாக நம்பக்கூடியது இல்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேன். இருக்கலாம்.

இப்போது நான் யாரிடமும் அதன் பெயரைச் சொல்வதில்லை. போனில் படத்தைக் காட்டுகிறேன். எங்கள் மாடிப்படியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஏறி இறங்குகின்றன, கீழ் வீட்டுக்குப் புதிதாக ஒடிசாக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் எந்தச் சொல்லுக்குள் கடலை இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்ததும் சேர வேண்டும். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் இருப்பதாக அவள் டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனால் பள்ளி விட்டு நான் வீடு திரும்பும்வரை அவளை யாரிடமாவது விட்டாக வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவர் மாமியார். செய்தி கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், மிளகாய் சுற்றிப் போட்டார். எங்களோடு வந்து இருக்கிறேன் என்கிறார். அவருக்குக் கடலை என்றால் எது என்று நன்றாகத் தெரியும். ஆனால் போன வாரமும் என்னிடம் சொன்னார்: "ஒரேயடியா ஒதுக்கறதாலதான் இப்படி ஆவுது. நகத்துல தொட்டுத் தொட்டு வெச்சா பழகிடும்மா. எத்தன புள்ளைங்கள வளத்திருக்கேன்." வைக்கமாட்டேன் என்று பேத்தி மேல் சத்தியம் செய்கிறார். வைப்பார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அதுவும் பாசத்தில்.

மற்றவர் எதிர் வீட்டு அக்கா. அவர் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினார். தவறான பண்டத்தை விலக்கினார், ஆனால் ஒரு நாளும் தவறாமல் விலக்கினார். இப்போது தன் வீட்டில் வேர்க்கடலையே வாங்குவதில்லை. ஊசி போடவும் தலையணையில் பழகிக்கொண்டார். ஆனால் என் மகளைப் பார்த்தால் கதவுக்குள் போய்விடுகிறார். நான் கேட்டால் ஒத்துக்கொள்வார். இன்னும் எந்தச் சொல் எங்களுக்கிடையில் இப்படி மாறிக் கிடக்கிறதோ என்பதுதான் என் பயம். மகள் பெத்தம்மா வீட்டுக்கு எப்போது போகலாம் என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். அந்த வாசல்படியில் மட்டும் அவள் வாயைப் பொத்திக்கொள்வதில்லை.

கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றும் யோசிக்கிறேன். ஆனால் எத்தனை வருடத்துக்கு? இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது இருப்பீர்கள். சொல் தெரிந்தும் நம்பாதவரிடம் விடுவதா, நம்பியும் சொல் தெரியாமல் போனவரிடம் விடுவதா? நீங்கள் யாரிடம் விட்டீர்கள், எதைச் சொல்லி விட்டீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்தால் நன்றாக இருக்கும்.